அத்தான் என்னிடம் தந்த தொப்பி

என் உடுப்பு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு தொப்பி இருக்கிறது. சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி. அகன்ற விளிம்பு, நெற்றிப் பக்கம் இரண்டு விரலால் அழுத்தியது போன்ற பள்ளம். அதை மல்லாத்தித்தான் வைத்திருக்கிறேன். கவிழ்த்து வைத்தால் விளிம்பு தட்டையாகிவிடும் என்பது அதன் சொந்தக்காரரின் கட்டளை. வலப்பக்க விளிம்பில் தண்ணீர் ஊறிக் காய்ந்த கறை ஒன்று உள்ளங்கை அகலத்துக்குப் படிந்திருக்கிறது. ஆவி பிடித்துத் தூரிகையால் தேய்த்தால் போய்விடும் என்று கடைக்காரர் சொன்னார். நான் தேய்க்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அலுமாரி திறந்திருந்தால் தொப்பியைக் கண்டுவிட்டு, "என்ன, மாடு மேய்க்கப் போறியளோ?" என்று கேட்பார்கள். "ஓம், நீங்களும் வாறியளோ?" என்பேன். கார்தெரியில், அதுதான் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில், குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்தே வயது போன ஒருத்திக்கு இது பொருத்தமில்லாத தொப்பிதான். என் தலைக்கு ஓர் அளவு பெரிதும்கூட. ஆனாலும் சில செப்டம்பர்களில் இதைப் போட்டுக்கொண்டு ரோடியோ அரங்கின் பலகைப் படியில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நேரம் இதன் சொந்தக்காரர் வெளியே, வாகனத் தரிப்பிடத்தில், காருக்குள் இருந்தார்.

அவர் என் அக்காவின் கணவர். மன்னாரில் மாட்டுவண்டிச் சவாரி எங்கே நடந்தாலும் சாப்பாட்டை மறந்து போய் நிற்கிற ஆளாம். மொன்றியலுக்கு வந்து ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். கூட வேலை செய்த கியூபெக்காரர் ஒருவர், ஒரு செப்டம்பரில் தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வடகிழக்கே ஒரு சிற்றூரில் நடக்கும் ரோடியோவுக்குக் கூட்டிப் போனார். திமிறும் காளையின் மேல் ஒற்றைக் கைப்பிடியோடு ஒருவன் எட்டு விநாடி இருந்து காட்ட வேண்டும். அந்த எட்டு விநாடியும் அத்தான் கத்தித் தீர்த்தார். குரல் இல்லாமல் வீடு திரும்பியவர், அதுவரை எந்த நேரமும் ஊருக்குப் புறப்படுகிறவர் போலக் கட்டிலின் கீழே வைத்திருந்த சூட்கேசை அன்றைக்குத்தான் பிரித்து அடுக்கினார் என்று அக்கா சொல்வாள். குடியுரிமைப் பத்திரம் செய்யாத வேலையை ஒரு மாடு செய்துவிட்டது என்பது அவளுடைய நக்கல்.

ஊருக்கெல்லாம் மொன்றியலில் நான்கு பருவங்கள். செயின்ட்-மிஷேலில் அக்கா வீட்டில் இரண்டு தொப்பிகள்தான். உயிர்த்த ஞாயிறு வந்தால் வைக்கோல் தொப்பி. செப்டம்பரின் தொழிலாளர் தின விடுமுறை கழிந்தால் கம்பளித் தொப்பி. ரோடியோக்காரரின் பொது வழக்கம் அது. அத்தான் அதைத் திருச்சபைக் கட்டளை போல அனுசரித்தார். சில வருடங்களில் தெருவோரப் பனிக்குவியல் கரையுமுன்பே உயிர்த்த ஞாயிறு வந்துவிடும். அப்போதும் காது சிவக்க வைக்கோல் தொப்பியோடுதான் பூசைக்கு வருவார். மற்ற விளையாட்டுகள் எல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவே இட்டு நிரப்பியவை. பனி மாரியில் ஒழுங்கைப் பொடியன்கள் ஹொக்கி மட்டையோடு கத்துவதை ஜன்னலால் பார்ப்பார். தமிழர் விளையாட்டு விழா வந்தால் கயிறிழுத்தலுக்கு நடுவராக நிற்பார். யார் வென்றாலும் அவருக்கு ஒன்றுதான். "ரெண்டு பக்கமும் மனிசர். அதில என்ன கிடக்கு?" என்பார்.

அக்காவுக்குச் சாண மணமும் பியர் மணமும் ஒத்துவராது. அதனால் அத்தானுக்குத் துணையாகப் போனவள் நான். ஒரு முறை போனேன், பிறகு அவர் கூப்பிடாமலே போகத் தொடங்கினேன். அவர் சொன்னது மெல்ல மெல்ல விளங்கியது. கரப்பந்தில் எதிரே நிற்கிறவனுக்கு நம்மைத் தோற்கடிக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. அதனால் அடுத்து என்ன செய்வான் என்று ஓரளவு கணிக்கலாம். குதிரைக்கு நம் மேல் கோபமும் இல்லை, தாட்சண்யமும் இல்லை. அடைத்து வைத்த கூண்டின் கதவு திறக்கும்போது என்ன நடக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் அடிவயிற்றில் ஒரு பிடிப்பு வரும். அந்தப் பிடிப்புக்காகத்தான் போனேன் என்று வெட்கமில்லாமல் சொல்கிறேன். விழுகிறவர்கள் எல்லாம் ஊரார் பிள்ளைகளாக இருந்த காலம் அது.

அக்காவின் ஒரே மகள், என் பெறாமகள், ஞாயிறு பூசை முடிந்ததும் லவாலில் ஒரு சப்பாத்துக் கடைக்கு வேலைக்குப் போவதாகச் சொல்லிப் புறப்படுவாள். பத்தொன்பது வயது. நாங்கள் நம்பினோம். ஒரு கோடையில் அவள் வீடு திரும்பிக் காலுறையைக் கழற்றியபோது அத்தான் நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளையில குதிரை மணக்குது" என்றார். சப்பாத்துக் கடையும் இல்லை, லவாலும் இல்லை. இல்-பிசாரில் ஒரு குதிரைப் பண்ணையில் லாயம் கூட்டிக் கழுவி, கூலிக்குப் பதிலாகச் சவாரி பழகியிருக்கிறாள். பண்ணைக்கார மதாம் தன்னுடைய கனெல் என்ற பழுப்புப் பெண்குதிரையையே அவளிடம் கொடுத்திருக்கிறார். வரும் செப்டம்பரில் பீப்பாய் ஓட்டத்துக்குப் பெயரும் கொடுத்தாயிற்று. மூன்று பீப்பாய்களை முக்கோணமாக வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றையும் குதிரையில் சுற்றி வளைத்து, புறப்பட்ட கோட்டுக்கே பாய்ந்து வர வேண்டும். ரோடியோவில் அதைப் பெண்கள்தான் ஓடுவார்கள்.

அத்தான் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவருடைய முகம் கறுத்துவிட்டது.

"நீ ஓடேலாது. விழுந்தா?"

"நீங்கள் அங்க போறதே விழுறதைப் பாக்கத்தானே, அப்பா?"

அக்கா அடுப்பை நிறுத்திவிட்டு வந்து வாசலில் நின்றாள். அத்தான் எழுந்து பல்கனிக்குப் போய் இருட்டும்வரை தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் கார்க் கதவைத் திறந்து, "ஏறு. அந்தப் பக்கம் பஸ் குறைவு" என்றார். அதற்குப் பிறகு வாரா வாரம் இல்-பிசாருக்கு அவரே கொண்டுபோய் விட்டார். பண்ணைக்குள் இறங்க மாட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளே செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்.

அந்த செப்டம்பரில், ஓட்டத்துக்கு முதல்நாள் இரவு முழுவதும் மழை. காலையில் அரங்கத்து மண் குழைத்த மாவு போலக் கிடந்தது. பழைய இடத்திலேயே, பழைய பலகைப் படியிலேயே நானும் அத்தானும் உட்கார்ந்தோம். முன்பு ஓடிய பெண்களின் பெயரும் அவருக்குத் தெரியும், குதிரைகளின் வரலாறும் தெரியும். வழக்கமாக எனக்கு விளக்கம் சொல்லியே காதைத் தின்பார். அன்றைக்கு அவருடைய கண் சேற்றை விட்டு நகரவில்லை. எனக்கும் அந்த அடிவயிற்றுப் பிடிப்பு வந்தது. ஆனால் இந்த முறை அதில் ருசி இல்லை. ஒலிபெருக்கியில் எங்கள் குடும்பப் பெயரை உடைத்து நொறுக்கி ஒருவாறு சொல்லி முடித்தார்கள். கனெல் பாய்ந்து வந்தது.

முதல் பீப்பாயைச் சுத்தமாகச் சுற்றினாள். இரண்டாவதும் நல்லது. மூன்றாவதில் குதிரையின் பின்கால்கள் சறுக்கின. பெரிய உடம்பு ஒருபக்கமாகச் சரிந்து சேற்றில் இருந்துவிட்டது. அவளுடைய ஒரு கால் அதற்குக் கீழே. ஒலிபெருக்கிக்காரர் பாதி வசனத்தில் நின்றார். அத்தான் எழுந்துவிட்டார். என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது. அவர் கத்தவில்லை. பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் கதைப்பது போல ஊர் மாதாவிடம் சொன்னார்: "மடு மாதாவே, என்ர பிள்ளையை எழுப்பிவிடு. இனி என்ர சீவியத்தில நான் ரோடியோ பாக்க மாட்டன்."

குதிரை உதறிக்கொண்டு எழுந்தது. அவள் சேணத்தில்தான் இருந்தாள். ஒரு கால் மிதியிலிருந்து கழன்று தொங்க, பாதி உடம்பு சேறாக, கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கோட்டுக்குத் திரும்பி ஓடினாள். சனம் எழுந்து கைதட்டியது. நான் அழுதுகொண்டே கைதட்டினேன். திரும்பிப் பார்த்தால் அத்தான் அரங்கத்துக்கு முதுகு காட்டியபடி படியிறங்கிக்கொண்டிருந்தார். சொன்ன சொல் அந்த நிமிடமே தொடங்கிவிட்டது அவருக்கு.

காரடியில் தொப்பியைக் கழற்றி என் கையில் தந்தார். கொஞ்ச நேரம் வைத்திருக்கத் தருகிறார் என்று நினைத்தேன். "உன்னட்டை இருக்கட்டும், பிள்ளை. அடுத்தமுறை நீ போய்ப் பார். பேந்து வந்து எனக்குச் சொல்லு" என்றார். கணுக்கால் வீக்கத்தோடு நொண்டிக்கொண்டு அவள் வந்தாள். முகமெல்லாம் சேறும் சிரிப்பும். "அப்பா, பாத்தியளோ?" என்றாள். "ஓம், பாத்தன்" என்றார். அவள் ஏறக் கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கருக்கு நேர்த்திக்கடன் என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. சின்னக் காரியத்துக்கு மெழுகுதிரி, கொஞ்சம் பெரிதென்றால் பாதயாத்திரை. உயிர்க் காரியத்துக்கு, இருக்கிறதில் பெரியதைக் கொடுக்க வேண்டும். அத்தானிடம் இருந்ததில் பெரியது இதுதான். அவளுக்கு மட்டும் சொல்லிவிடாதே என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டார். "அப்பா தனக்காக விட்டவர் எண்டு தெரிஞ்சா அவள் குதிரையில நிம்மதியா இருக்க மாட்டாள். மூண்டாவது பீப்பாயில என்ர யோசினை வரும். யோசினை வந்தா விழுவாள்." அந்தக் கடைசிச் சொல்தான் என் வாயைக் கட்டிப்போட்டது.

அடுத்த செப்டம்பரிலும் அவர்தான் காரோட்டினார். தரிப்பிடத்தில் நிறுத்தி, ஒலிபெருக்கி கேட்கிற பக்கம் கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளேயே இருந்தார். கேட்கக் கூடாது என்று நேர்த்தி இல்லையாம். நான் தொப்பியோடு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, குதிரை எந்தக் காலில் திரும்பியது, அவள் எந்தக் கையில் கடிவாளத்தைப் பிடித்தாள் என்று ஒன்றுவிடாமல் ஒப்புவிப்பேன். திருப்தி இல்லாமல் திரும்பவும் கேட்பார். அத்தான் உள்ளே வராததற்குப் பெறாமகளிடம் நான் சொன்ன காரணங்கள் ஒன்றும் எடுபடவில்லை. முழங்கால் நோவு என்றேன், வெயில் ஒத்துக்கொள்ளாது என்றேன். "ஊராற்ற பிள்ளையள் விழுறதைப் பாக்க இத்தனை வருஷம் வந்த மனிசனுக்கு, சொந்தப் பிள்ளை ஓடுறதைப் பாக்க ஏலாதாம்" என்றாள் அவள்.

அதற்கடுத்த வருடம்தான் காரியம் கெட்டது. அவளுடைய பெயரைச் சொன்ன கையோடு ஒலிபெருக்கி செத்துவிட்டது. ஏதோ கம்பி கழன்றிருக்கிறது. உள்ளே இருந்த எங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. காருக்குள் இருந்தவருக்கு உலகமே நின்றுபோயிருக்கும். இறங்கி வேலிவரை ஓடி வந்திருக்கிறார். வந்தும் பார்க்க முடியாது. அதனால் வேலியில் முதுகைச் சாய்த்து, குளம்புச் சத்தத்தை மட்டும் காதால் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மூன்றாவது பீப்பாயைச் சுற்றிவிட்டுப் பாய்ந்து வந்தவள், வேலிக்கு அப்பால் அப்பாவின் நீலக் கோட்டை அடையாளம் கண்டாள். அவள் கண்டது கோட்டின் முதுகுப் பக்கத்தை. நான் லாயத்தடிக்குப் போனபோது குதிரைக்குச் சேணம் கழற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அப்பா எனக்கு முதுகு காட்டிக்கொண்டு நிண்டவர், சித்தி."

அந்த மாரியை மறக்க மாட்டேன். ஒரு வீட்டுக்குள் தகப்பனும் மகளும், நடுவே ஹொக்கி போய்க்கொண்டிருக்கும் தொலைக்காட்சி. இருவருக்கும் பிடிக்காத ஆட்டத்தை இருவரும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கதைக்காமல் இருப்பதற்கு அது ஒரு சாட்டு. அக்கா எனக்கு ஃபோன் எடுத்து, "ஐஸ்பெட்டிக்குள்ள இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்பாள். நான் பொறுக்க முடியாமல் அத்தானைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். சுவாமியார் பொறுமையாகக் கேட்டார். நேர்த்தியை மாற்றிக் கொடுக்கத் தனக்கு அதிகாரம் உண்டு, அதற்குப் பதிலாக ஒரு நாள் ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்றார். வெளியே வந்து காரில் ஏறியதும் அத்தான் கேட்டார்: "சுவாமி மாத்துவார். மாதா ஓம் எண்டு சொன்னவவோ?" எனக்கு வந்த கோபத்தில் அவரைப் பனிக்குள் இறக்கி விட்டுப் போயிருப்பேன். சாப்பாடும் கொடுத்தார், ஆனால் நேர்த்தியை விடவில்லை. அந்த உயிர்த்த ஞாயிறுக்கு வைக்கோல் தொப்பியும் வெளியே வரவில்லை. வெறுந்தலையோடு பூசைக்கு வந்தார்.

ஜூன் மாதம் லவாலில் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைக்குக் கோயிலில் முதல்நன்மை, பிறகு விருந்து. பெறாமகளைப் பண்ணையில் ஏற்றிக்கொண்டு, இல்-பிசாரிலிருந்து லவாலுக்குக் கோடையில் ஓடும் சின்னப் பாதையில், ஆறு கடக்கிற தட்டைப் படகில், காரை ஏற்றினேன். அந்தப் படகில் எழுந்து போக இடமில்லை. ஆற்றின் நடுவில் அவள் சொன்னாள், மேற்கே அல்பேட்டாவில் ஒரு பண்ணையில் வேலை வந்திருக்கிறது, ஓம் என்று சொல்லப் போகிறேன் என்று.

"இங்க இருந்து என்ன? பாக்கிறதுக்கு ஆருமில்லை."

அவளைக் குதிரையில் நிம்மதியாக இருக்க விடுவதற்கென்று அத்தான் மூடி வைத்தது, அவளை நாட்டின் மறு கோடிக்கே துரத்தப் போகிறது. சொன்னால் விழுவாளோ என்ற பயம் எனக்கும் இருந்தது. சொல்லாவிட்டால் போய்விடுவாள். கரை நெருங்குமுன் சொல்லி முடித்தேன். அவள் அழவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்பா சொன்ன சொல்லு என்ன? அப்பிடியே சொல்லுங்கோ, சித்தி."

சொன்னேன். அவள் உதட்டுக்குள் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "மெர்சி, சித்தி" என்றாள். விருந்தில் நன்றாகச் சாப்பிட்டாள். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

அந்த செப்டம்பர் முழுவதும் என் கண் மூன்றாவது பீப்பாயிலேயே இருந்தது. அவள் விழவில்லை. அல்பேட்டாவுக்கும் போகவில்லை. பருவம் முடிந்து, இலை எல்லாம் கொட்டி, முதல் பனி எப்போது விழுமோ என்று வானம் கனத்திருந்த ஒரு ஞாயிறு, அவளை ஏற்றி வர அத்தான் பண்ணைக்குப் புறப்பட்டபோது என்னையும் வரச் சொல்லி அவள் ஃபோன் எடுத்தாள். தொப்பியையும் கொண்டு வரச் சொன்னாள். போனால், லாயத்துக்குப் பின்னால் குதிரைகளை உலாவ விடும் வெளியில் மூன்று தகரப் பீப்பாய்கள் நின்றன. சனமில்லை. ஒலிபெருக்கியில்லை. நேரம் பார்க்கும் மணிக்கூடுமில்லை. கனெல் மேல் அவள் இருந்தாள். காரின் கண்ணாடியைத் தட்டி, "அப்பா, இறங்குங்கோ. இது ரோடியோ இல்லை. எங்கட வளவு" என்றாள்.

அத்தான் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன் என்பது அந்தப் பார்வையிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவர் என்னிடம் கேட்டார்.

"பிள்ளை, இது கணக்கில வருமோ?"

"அத்தான், இது குதிரைக்குத் தேகப்பயிற்சி" என்றேன்.

அவர் இறங்கினார். வேலியடிக்கு வந்து நின்றார். பனி விழத் தொடங்கியது, ஈரப் பனி, விழுந்த இடத்திலேயே கரைகிற வகை. தரை நனைந்தால் சறுக்கும் என்று எங்கள் மூவருக்குமே தெரியும். "தொப்பியை ஒருக்காத் தா" என்றார். தலையில் வைத்து, வலப்பக்க விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார், வேண்டாமென்றால் முகத்தை மறைத்துக்கொள்ளத் தோதாக. அவள் புறப்பட்டாள். முதல் பீப்பாய்க்கு விளிம்பு கண்ணை மறைத்திருந்தது. இரண்டாவதில் கொஞ்சம் உயர்ந்தது. மூன்றாவதை அவள் வளைத்தபோது தொப்பி நெற்றிக்கு மேலே தள்ளியிருந்தது. அத்தான் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பனி விழுந்து முகத்தில் வழிந்ததா, வேறு ஏதுமா என்று நான் கேட்கவில்லை.

அவள் வேலியடியில் வந்து நிறுத்தினாள். "பாத்தியளோ?" என்றாள், மூச்சு வாங்க.

"பாத்தன். மூண்டாவதில கையைத் தளத்திறாய். அங்கதான் இறுக்கிப் பிடிக்க வேணும்."

அவள் சிரித்த சிரிப்பை, வீட்டில் நின்ற அக்கா பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அத்தான் நனைந்த தொப்பியைக் கழற்றி, பழையபடி என்னிடம் தந்தார். "ஹீற்றருக்குப் பக்கத்தில வைச்சுக் காய விடாதை" என்று எச்சரித்தார். ரோடியோ பார்க்க மாட்டேன் என்றவர் கடைசிவரை பார்க்கவில்லை. ஒவ்வொரு செப்டம்பரும் தரிப்பிடத்தில்தான் இருந்தார். ஒவ்வொரு முதல் பனிக்கும் அந்த வேலியடியில் நின்றார்.

அத்தான் இப்போது இல்லை. பெறாமகள் இன்னும் ஓடுகிறாள். கனெலுக்குப் பிறகு வந்த குதிரையில். போன செப்டம்பரிலும் கம்பளித் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு போனேன். மூன்றாவது பீப்பாயில் அவளுடைய கை தளரவே இல்லை. இரும்பு மாதிரிப் பிடித்திருந்தாள். கைதட்டிவிட்டு, கூட்டத்தை விலக்கி, விறுவிறுவென்று வெளியே நடந்தேன். எந்தக் காலில் திரும்பியது, எந்தக் கையில் பிடித்தாள் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். தரிப்பிடத்தில் கார்களுக்கு நடுவே வந்து நின்ற பிறகுதான், சொல்வதற்கு அங்கே ஆளில்லை என்பது நினைவுக்கு வந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே திரும்பிப் போனேன்.